மஞ்சள் தடவிய கவரும் என் வீட்டு பிரிண்டரும்

போன சனிக்கிழமை எங்கள் வீட்டு பிரிண்டர் ஒரு கல்யாணக் கவரை வாயில் கவ்விக்கொண்டு, விழுங்கவும் மாட்டேன், துப்பவும் மாட்டேன் என்று நின்றது.

மகளுக்குக் கல்யாணம். (உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன் என்று பொய் சொல்ல மாட்டேன். அருப்புக்கோட்டையில் பாதிப் பேருக்குத் தெரியும்!) பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. கவர் மேல் பெயர் எழுதுவதுதான் பாக்கி. "அதை நான் வீட்டிலேயே பிரிண்ட் போட்டுருவேன்" என்று எல்லோர் முன்னாலும் வீறாப்பாகச் சொல்லி வைத்திருந்தேன்.

கையால் எழுதினால் என்ன கேடு என்கிறீர்களா? கேடுதான். ஏற்கெனவே பட்டாயிற்று.

என் அண்ணன் நரிக்குடியில் இருக்கிறார். நாங்கள் புது வீட்டுக்குப் பால் காய்ச்சியபோது என் வீட்டுக்காரர் அவசர அவசரமாகக் கவர் எழுதினார். ஹார்டுவேர் கடைக்காரர்... பில்லில் அடித்துத் திருத்திப் பழகிய கை. யாரோ ஒருவர் பெயரை எழுதி, அதை ஒரு கோட்டில் அடித்து, கீழே அண்ணன் பெயரை எழுதி, அப்படியே கொடுத்தும் அனுப்பிவிட்டார்!

அண்ணன் போனில் கேட்டது ஒரே கேள்வி. "எவனுக்கோ எழுதுன கவர அடிச்சுட்டு எனக்கு அனுப்புனீகளாக்கும்?"

அதோடு சரி. பால் காய்ச்சவும் வரவில்லை, அதன்பிறகு பேச்சும் இல்லை.

இப்போது மகள் கல்யாணம். தாய்மாமன் வராமல் பெண்ணை எப்படி மணவறையில் உட்கார வைப்பது? ஊர் என்ன சொல்லும் என்பது இருக்கட்டும், எனக்கே தாங்காது. அதனால் அண்ணன் கவரில் ஓர் எழுத்துகூடக் கோணக்கூடாது. முதல் கவரே அவருக்குத்தான். மறுநாள் காலை பஸ்ஸில் நாங்கள் நரிக்குடி கிளம்புவதாக ஏற்பாடு.

கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். கடிதம் டைப் செய்கிற அதே சாஃப்ட்வேரில் கவருக்கென்று தனி மெனு இருக்கிறது. பெயரை அடித்து, சோதனைக்கு வீட்டில் கிடந்த பழைய கவர் ஒன்றை வைத்து பிரிண்ட் கொடுத்தேன். வந்தது... கவரின் பின்பக்கத்தில், தலைகீழாக! திருப்பி வைத்தேன். 'திரு. குருசா' வரைக்கும் வந்து, 'மி' கவரைத் தாண்டிப் போய்விட்டது. இப்படி ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தால் எனக்குப் பிறந்த வீடே கிடையாது.

யோசித்தேன். அந்த சாஃப்ட்வேர் தானாகவே ஏதோ வெளிநாட்டு ஆபீஸ் கவரின் நீள அகலத்தை வைத்துக்கொண்டிருக்கிறது. அதற்கு நம் கல்யாணக் கவரைப் பற்றி என்ன தெரியும்? தையல் டேப்பை எடுத்து அளந்து, அளவை நானே போட்டேன். வெள்ளைத் தாளை அதே அளவுக்கு வெட்டி அடித்துப் பார்த்தால்... ஆகா! பெயர் நட்டநடுவில், கல்லில் வெட்டியது மாதிரி!

அந்தத் தெம்பில் நிஜக் கவரை வைத்தேன். கோணலாக நுழைந்து, கசங்கி, சிக்கிக்கொண்டது. முதல் வரியில் பார்த்தீர்களே, அந்தக் கவர்தான்.

"நான் வேணும்னா எழுதித் தரட்டா?" என்றார் வீட்டுக்காரர். ஒரு பார்வை பார்த்தேன். கடைக்குக் கிளம்பிவிட்டார்.

பழைய கவர் போனது, தாள் போனது, இது மட்டும் போகமாட்டேன் என்கிறதே, ஏன்? மெதுவாக இழுத்து எடுத்தேன். விரலெல்லாம் மஞ்சள். மூடியைத் திறந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் உருளையும் மஞ்சள் பூசிக் குளித்தது போல இருந்தது.

"ஏய் செல்வி!"

செல்வி என் நாத்தனார். காரியாபட்டியிலிருந்து கல்யாண வேலைக்கு வந்திருக்கிறாள். "கவருக்கு மஞ்ச தடவிட்டியா?"

"நேத்தே தடவிட்டேன் மதினி. நல்ல நாளு பாத்து, எல்லாக் கவருக்கும், நாலு மூலைக்கும்!" அவ்வளவு பெருமை முகத்தில்.

பெயர் போட்ட பிறகு தடவ வேண்டியது. இவள் முந்திக்கொண்டாள். ஈர மஞ்சள் காய்ந்து, மூலைகள் அப்பளம் மாதிரி வளைந்து நின்றன. உருளை பிடிக்கிற இடத்தில் மஞ்சள் பொடி. வழுக்காமல் என்ன செய்யும்?

"லேசாத் தொடச்சிருவோமா?" என்றேன்.

"வாயக் கழுவுங்க மதினி! மஞ்சளத் தொடச்சுட்டுக் குடுக்க இது என்ன கருமாதிக் காயிதமா?"

அதுவும் நியாயம்தானே? மேலும் அளவாகத்தான் கவர் வாங்கியிருந்தோம். ஒரு கவரைக் கையில் வைத்துக்கொண்டு வெறித்துப் பார்த்தேன். மேல்மடிப்பைத் திறந்தேன், மூடினேன். திறந்தேன்... அட! மடிப்பில் மஞ்சளே இல்லையே!

நம் பக்கம் கல்யாணக் கவரை யாரும் ஒட்டிக் கொடுப்பதில்லை. அதனால் மடிப்பில் பசையும் கிடையாது. சுத்தமான தாள். அந்தப் பக்கத்தை முதலில் உள்ளே விட்டால் உருளைக்குப் பிடி கிடைக்குமே!

ஈரத்துணியால் உருளையைத் துடைத்தேன். செல்வி கவர் மேல் பேப்பரைப் போட்டு, இஸ்திரிப் பெட்டியால் மூலைகளை அழுத்திக் கொடுத்தாள். மடிப்பையும் சேர்த்து மறுபடி அளந்து அளவை மாற்றினேன். எழுத்தையும் அதற்கேற்பத் திருப்பினேன். மடிப்பைத் திறந்து, ஒற்றைக் கவராக வைத்து... குலசாமியை வேண்டிக்கொண்டு பட்டனை அழுத்தினேன்.

சரசரவென்று உள்ளே போய், சரசரவென்று வெளியே வந்தது. 'திரு. குருசாமி – மாரியம்மாள் குடும்பத்தார்.' நேராக! நடுவில்! நாலு மூலையிலும் மஞ்சளோடு!

நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். செல்வி குலவையே போட்டுவிட்டாள். கம்ப்யூட்டரோ, மனிதரோ, நம் வழக்கம் தெரியாதவர்களிடம் கோபப்பட்டு என்ன பயன்? எந்தப் பக்கமாக நுழைந்தால் இடம் கொடுப்பார்கள் என்று பார்த்து நுழைய வேண்டியதுதான்.

மறுநாள் திருச்சுழி வழியாக நரிக்குடி. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், மேலே கவர். அண்ணன் என் வீட்டுக்காரரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தால் பெயரைச் சுரண்டியும் பார்த்தார்.

"இது ஆரு எழுதுனது?"

"எழுதலண்ணே, பிரிண்டு. நானே வீட்டுல போட்டேன். மொதக் கவரே ஒனக்குத்தாண்ணே."

கவரைக் கசங்காமல் தாம்பாளத்தில் வைத்தார். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏ மாரி, மாப்பிள வந்துருக்காக. எலையப் போடு!" என்னிடம் திரும்பி, "தாய்மாமன் இல்லாமக் கல்யாணமா? முந்துன நாளே வாரேன், போ" என்றார்.

அழுதுவிட்டேன். என் வீட்டுக்காரர் கண்ணிலும் தண்ணீர்தான். கேட்டால், குழம்பில் காரம் என்கிறார்.

நேற்று அண்ணன் மனைவியிடமிருந்து போன். "உங்கண்ணன் அந்தக் கவரத் தூக்கிக்கிட்டுத் தெருத்தெருவாக் காமிச்சுட்டுத் திரியுறாக. உள்ள இருக்குற பத்திரிகைய எடுத்தா கவரு கசங்கிருமாம், என்னத் தொட விட மாட்டேங்குறாக. கல்யாணம் எந்த மண்டபத்துல தாயி? நீயே வாயால சொல்லிரு!"