மண்ணுக்குள் அம்மா

பிள்ளைகளே, இன்று நம் வேங்கிக்கால் வீட்டருகே குழி தோண்டினார்கள். ஈரமண் வாசனை வந்ததும் எனக்குச் சின்ன வயது ஞாபகம் வந்துவிட்டது.

நாங்கள் ஊர் ஊராகப் போய் சைக்கிள் வித்தை காட்டிய குடும்பம். ஒருநாள் அடி அண்ணாமலை ஊரில், உயிரோடு புதைக்கும் வித்தைக்காக அம்மாவைக் குழிக்குள் படுக்கவைத்து, பலகை போட்டு, அப்பா மண்ணால் மூடினார். கூட்டம் கைதட்டியது. மேலே நின்று நான் பாட வேண்டும். நானோ மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பாடுடா! நீ நிறுத்திட்டா உள்ள அவ பயந்துடுவா" என்றார் அப்பா.

அழுதுகொண்டே பாடினேன். தெரிந்த பாட்டெல்லாம் தீர்ந்தும் அப்பா மண்வெட்டியைத் தொடவில்லை. மறுபடி முதலிலிருந்து பாடினேன்.

கடைசியில் வெளியே எடுத்தார்கள். அம்மா இருமினாள்.

"பயமா இருந்துச்சாம்மா?"

"இருந்துச்சுடா. நீ வேற ரெண்டாவது பாட்டுல ஒரு வரிய முழுங்கிட்ட. புள்ளைக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு பதறிட்டேன்."

இன்றும் மேடையில் பாடும்போது நான் ஒரு வரியையும் விடுவதில்லை. காலடியில் அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறாள்.