பி.ஏ. படிக்கப் போன எங்கள் அக்கா

அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இன்று எங்கள் வீட்டுக்கு வந்திருக்கும் உங்களில் பலர் அவரைப் பார்த்தே வெகுகாலம் ஆகியிருக்கும். ஆகவே உடன்பிறந்தவன் என்ற முறையில் நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

போடிநாயக்கனூரில் எங்கள் பெற்றோருக்குத் தலைப்பிள்ளையாகப் பிறந்தார் அக்கா. சிறுமியாக இருக்கும்போதே கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை ஏலமலைக்குப் போய், மலைக்காய்ச்சலோடு இறங்கி வந்து காலமானார். அவர் முகமே சரியாக நினைவில்லை என்று அக்கா ஒருமுறை என்னிடம் சொன்னார். அதன்பின் விசேஷ வீடுகளில் அடுப்படியோடு நின்றுகொள்வார். பெற்ற தகப்பனான ஐயாவால் அதைக் கண்டு பொறுக்க முடியவில்லை. மதுரையில் வெள்ளைக்கார அம்மாமார் நடத்திய பெண்கள் பள்ளி விடுதியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஊர் பேசாத பேச்சில்லை.

அக்கா பள்ளியிறுதிப் பரீட்சையில் தேறினார். உள்ளூரிலேயே சிறுபெண்களுக்கு வாத்தியாரம்மாவாக இருக்கலாம். சென்னைக்குப் போய் பி.ஏ.யும் படிக்கலாம், செலவைத் தாங்களே ஏற்பதாகப் பள்ளியில் சொன்னார்கள். யாரைக் கேட்பது? எங்கள் சொந்தத்தில் ஆண்களிலேயே காலேஜ் வாசலைக் கண்டவர் இல்லை. அம்மா மட்டும், "போனவ நம்ம ஆளாத் திரும்பி வருவாளா?" என்று அழுதார்.

ஐயா அப்போது மலையில் இருந்தார். ஏலத்தோட்டத்தில் களையெடுப்புச் சமயம். அக்கா குரங்கணி வழியாக ஏறினார். துணைக்கு நானும் போனேன். அட்டை கடித்த கால்களோடு ஐயா முன்னால் போய் நின்றோம்.

"பட்டம் வாங்கி என்னய்யா ஆகப்போகுது?" என்றார் அக்கா.

"எனக்கென்ன தெரியும்? ஏலச்செடியப் பத்திக் கேட்டாச் சொல்லுவேன்."

"அம்புட்டுத் தூரத்துல ஒத்தையாக் கெடக்கணுமே."

ஐயா குனிந்து, அக்காவின் காலில் ஒட்டியிருந்த அட்டையைக் கிள்ளிப் போட்டார். பிறகு, "இங்கன மட்டும் யாரு கூட இருக்கே, ஆத்தா?" என்றார்.

இறங்கும் வழியெல்லாம் அக்கா அழுதுகொண்டே வந்தார். அந்த மாதமே அம்மையநாயக்கனூர் ரயிலடிக்கு வண்டி கட்டினோம்.

அக்கா பட்டம் பெற்றார். அந்தச் சேதி வந்தபோது ஐயா உயிரோடு இல்லை. சொந்தக்காரர்கள் பட்டம் பெற்ற அக்காவிடம் பேசவே கூச்சப்பட்டார்கள். கடப்பை ஜில்லாவில் ஒரு பெண்கள் பள்ளியில் வேலை கிடைக்கவே, அங்கேயே தங்கிவிட்டார். கோடைக்கு மட்டும் வருவார்.

கடைசியாக வந்த கோடையில், என் மகளை மேலே படிக்கவைக்கலாமா என்று கேட்டேன். "உனக்கு அது நல்லதாத்தான் இருந்துச்சாக்கா?"

"பாஸான அன்னிக்கு அதை யாருகிட்டச் சொல்றதுன்னு தெரியாம, கடற்கரையில போய் உக்காந்திருந்தேன் தம்பி. ஆனா அடுப்படியில நிக்கலே." என் மகள் இருந்த பக்கம் கைகாட்டி, "அவளையே கேளு. வெரசாக் கேளு" என்றார். மகள் இப்போது மதுரையில் படிக்கிறாள்.

அந்த வருஷ மழைக்காலத்தில் அக்காவுக்குக் காய்ச்சல் கண்டது. தந்தி கிடைத்து நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. காரியங்களை முன்னின்று நடத்திய தலைமையாசிரியைக்கும் அவ்வூர்ப் பெரியவர்களுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

பள்ளிக் காவல்காரரின் மனைவியைத் தனியே சொல்ல வேண்டும். தம் வேலைகளை விட்டுவிட்டு அருகிலேயே இருந்து கஞ்சி புகட்டியவர் அவர். அவருக்குத் தெலுங்கு மட்டுமே தெரியும். கடைசி நாளில் அக்கா தெலுங்கை மறந்து, நெடுநேரம் தமிழிலேயே பேசினாராம். ஒரு சொல்லும் விளங்காமல், கையைப் பிடித்துக்கொண்டு, "அவுனம்மா, அவுனம்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்ததாக அந்த அம்மாள் தலைமையாசிரியை மூலம் எனக்குச் சொன்னார். 'ஆமாம்மா' என்று பொருளாம்.

அக்கா என்ன சொன்னார் என்பது எங்களுக்கு இனித் தெரியப்போவதில்லை. அதைக் கேட்டுக்கொண்டிருந்த அந்தத் தாயை எங்கள் குடும்பம் கைகூப்பி வணங்குகிறது.