பெரியம்மா சொல்லாத பெயர்

கனடாவிலிருந்து வந்த மச்சான் தன் பெட்டிக்குள் சொக்கிலேற்றுக்கு மேலே ஒரு மனிதனின் முகத்தைச் சுருட்டி வைத்திருந்தான். ஒரே முகம், நிறையப் பிரதிகள். ஆபிரிக்காவில் ஒரு நாட்டில் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போய்த் துப்பாக்கி கொடுத்த ஆள் அவன் என்றும், அவனை உலகம் முழுவதும் பிரபலமாக்கப் போகிறார்கள் என்றும் சொன்னான். கெட்டவனை எதற்காகப் பிரபலமாக்க வேண்டும் என்று நான் கேட்டேன். அப்போதுதான் அவனுக்கு ஒளிக்க இடமிருக்காது என்றான். எனக்கு அப்போது பத்து வயது. சொக்கிலேற்றை எப்போது பிரிப்பான் என்பதுதான் எனக்குப் பெரிய விசயமாக இருந்தது.

சண்டை முடிந்து, முகாமில் இருந்துவிட்டு, நாங்கள் தர்மபுரத்துக்குத் திரும்பி வந்து கொஞ்சக் காலம் ஆகியிருந்தது. சுவர் பாதி, தறப்பாள் பாதியாக ஒரு வீடு. அதில் அப்பா, அம்மா, நான், பெரியம்மா. பெரியம்மா அம்மாவின் தமக்கை. புருசன் சண்டைக்கு முந்தியே காய்ச்சலில் போய்விட்டார். ஒரே மகன். அவனை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். பதினாறு வயதில் இயக்கத்துக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். அந்த நாளில் எனக்கு நினைவிருப்பது வாசலில் நின்ற உழவு மெசினின் சத்தம் மட்டும்தான். அண்ணன் திரும்பி வரவில்லை. செத்ததாகவும் யாரும் வந்து சொல்லவில்லை.

மச்சான் மாமாவின் மகன். கனடாவில் பிறந்தவன், பத்தொன்பது வயது. கையில் அந்த ஆபிரிக்க விசயத்துக்கென்று ஒரு சிவப்புப் பட்டி கட்டியிருந்தான். தமிழை அளந்து அளந்து பேசினான். நல்ல பிள்ளை, அதில் குறையில்லை. எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வயிற்றுக்குள் ஏதோ ஆகி இரண்டு நாள் படுத்தான். எழும்பியதும் முதல் வேலையாக முகங்களை ஒட்ட வேண்டும் என்றான். அம்மா ரொட்டிக்கு வைத்திருந்த மாவில் பசை காய்ச்சிக் கொடுத்தார். "சுவருக்கும் பசிக்குதாக்கும்" என்று மட்டும் சொன்னார்.

பொழுதுபடுகிற நேரம் நானும் அவனும் போய் பஸ் நிற்கிற கொட்டிலிலும் சங்கக்கடைச் சுவரிலும் ஒட்டினோம். அடுத்த நாள் விடிய, பால் கொண்டு போன வயதான ஒரு அப்பு சைக்கிளை விட்டு இறங்கி, தலைத்துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு அந்த முகத்துக்கு முன்னால் நின்றார்.

"ஆற்ற ஆள் தம்பி? வெளிநாட்டில மோசம் போனவரோ? செத்தவீடு எப்பவாம்?"

பின்னால் வந்தவர், "இல்லையப்பு, எலக்சன் வருகுதாக்கும்" என்றார்.

அப்பா கத்தியோடு போய் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்தார். மச்சானுக்கு முகம் வாடிவிட்டது. "தம்பி, இஞ்ச ஒருத்தற்ற முகம் சுவரில வாறதெண்டால் ஒண்டில் அவர் செத்திருக்கோணும், இல்லாட்டி வோட்டுக் கேக்கோணும். ரெண்டும் இல்லாத முகத்துக்கு விசாரணைக்குத்தான் ஆள் வரும். நீங்கள் பிளேனில ஏறிடுவியள்" என்றார் அப்பா. கோபமாகச் சொல்லவில்லை. வேலைக்குப் போகிற அவசரத்தில் சொன்னார்.

அன்று பின்னேரம் மச்சான் முற்றத்தில் கதிரை போட்டு, தன் போனில் அந்த வீடியோவைக் காட்டினான். நாங்கள் நாலு பேரும் தலையைக் குனிந்து பார்த்தோம். கறுத்த, மெலிந்த பொடியன்கள். ஒருவன் அழுதுகொண்டு தமையனைப் பற்றிச் சொன்னான். மச்சான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தான். பிறகு வெள்ளைக்காரப் பிள்ளைகள் கூட்டமாகக் கை உயர்த்தினார்கள்.

"உவங்களின்ர தாய்மார் எங்க?" என்று பெரியம்மா கேட்டார்.

"அவையள் இதில இல்லை மாமி."

"இதை எத்தினை பேர் பாத்திருப்பினம்?"

"கோடிக்கணக்கில மாமி. ஒரு கிழமைக்குள்ள."

பெரியம்மா போனைப் பார்க்காமல் மச்சானைப் பார்த்தார். "கோடிக்கணக்கில பாத்தால் அதில ஒருத்தரெண்டாலும் கண்டிருக்குந்தானே. அப்ப என்ர பொடியனையும் இதில போடும் மருமோன்."

அம்மா எழும்பிக் குசினிக்குள் போனார். அப்பா தொண்டையைச் செருமினார். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பெரியம்மா எங்களிடம் எதையும் கேட்டு நான் கண்டதில்லை.

அடுத்த நாள் காலமை பெரியம்மா தலைக்கு எண்ணெய் வைத்து, பவுடர் பூசி, கோயிலுக்கு உடுக்கிற பச்சைச் சேலையை உடுத்துக்கொண்டு வந்து கதிரையில் இருந்தார். மச்சான் போனைப் பிடித்துப் பார்த்துவிட்டுத் தயங்கினான்.

"மாமி, வீட்டில உடுக்கிற சேலையோட இருந்தால் நல்லம். பாக்கிற ஆக்களுக்குக் கவலை வரோணும்."

"பாக்கிற ஆக்களில அவனும் ஒருத்தனாயிருந்தால்? அம்மா நல்லாயிருக்கிறா எண்டு அவனுக்குத் தெரியோணும்."

சேலை மாறவில்லை. மடியில் அண்ணனின் படத்தை வைத்திருந்தார். யாரோ ஒரு பெட்டையின் சாமத்தியவீட்டுச் சடங்கில் எடுத்த படம். அதில் அண்ணன் ஓரத்தில் தாம்பாளத்தோடு நிற்பான். மற்றவர்களை வெட்டிவிட்டு அவனை மட்டும் எடுத்து வைத்திருந்தார். தாம்பாளத்திலும் பாதி போய்விட்டது.

பெரியம்மா அண்ணனின் பெயரையும் வயதையும் படித்த பள்ளிக்கூடத்தையும் சொன்னார். நெற்றியில் ஒரு தழும்பு இருக்கும் என்று சொன்னார். கத்தரிக்காய் சாப்பிடமாட்டான் என்றும் சொன்னார், ஏதோ அதை வைத்தும் ஆளை மட்டுக்கட்டலாம் என்பதுபோல. மச்சான் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, கடைசியில் கேட்டான்.

"ஆர் மாமி அவரைப் பிடிச்சது?"

"இயக்கம்."

"அது தெரியும். வீட்டுக்கு வந்த ஆள் ஆர்? பேர் தெரியுமோ?"

பெரியம்மா வீதியைப் பார்த்தார். குசினிக்குள்ளிருந்து அம்மா "அக்கா" என்றார். அவ்வளவுதான்.

மச்சான் போனை மடியில் வைத்துவிட்டு, மிகப் பொறுமையாக விளங்கப்படுத்தினான். பிள்ளையைக் காணவில்லை என்று சொன்னால் ஒருவரும் பார்க்கமாட்டார்கள். காணாமல் போன பிள்ளைகள் உலகம் முழுக்க நிறைய. பார்க்கிறவர்களுக்கு ஒரு ஆள் வேண்டும், ஒரு முகம் வேண்டும். அந்த ஆபிரிக்கா வீடியோ ஓடியது அந்த ஒருவனின் முகத்தால்தான். "பேர் இருந்தால் ஓடும் மாமி. இல்லாட்டி நானும் என்ர பிரெண்ட்ஸும்தான் பாப்பம். நான் நாளைக்கு மத்தியானம் போறன். அதுக்குள்ள யோசிச்சுச் சொல்லுங்கோ."

பெயர் சொன்னால் வீடியோ ஓடும், ஓடினால் அண்ணன் கிடைப்பான். எனக்கு அது மிக நேரான வழியாகத் தெரிந்தது. பெரியம்மா எதற்காக யோசிக்கிறார் என்பதுதான் தெரியவில்லை.

அன்று பின்னேரம் மச்சான் அப்பாவோடு ரவுணுக்குச் சாமான் வாங்கப் போயிருந்தான். நான் தறப்பாளுக்கு இந்தப் பக்கம் இருந்து கணக்குச் செய்துகொண்டிருந்தேன். முற்றத்தில் ஊன்றுகோல் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் சைக்கிள்கடைக்காரர். சந்தியில் ஒரு கொட்டிலில் ஒட்டுப்போடுகிறவர். ஒரு கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. இயக்கத்தில் இருந்தவர்களை அடைத்துவைத்த புனர்வாழ்வு முகாமிலிருந்து விடுபட்டு வந்து ஒரு வருடம் இருக்கும். எனக்குக் காசு வாங்காமல் காற்றடிப்பார். எங்கள் வீட்டு வாசலுக்குள் அவர் வந்து நான் கண்டது அதுதான் முதல்தரம்.

பெரியம்மா இருக்கச் சொல்லவில்லை. அவரும் இருக்கவில்லை.

"வீடியோ எடுக்கினமாம் எண்டு கேள்விப்பட்டன் அம்மா."

"ஓம்."

"என்னைச் சொன்னனீங்களோ?"

"இன்னும் இல்லை."

அவர் ஊன்றுகோலின் அடியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார். "சொல்லுறதெண்டால் சொல்லுங்கோ. நான் வேண்டாமெண்டு சொல்ல வரேல்லை. இந்தக் காலோட எங்க ஓடுறது. கடையைப் பூட்டுறதுக்கு ஒருநாள் முந்திச் சொன்னால் போதும், சனத்தின்ர சைக்கிள் நாலு உள்ளுக்கு நிக்குது."

பெரியம்மா கொடியில் கிடந்த சேலையை எடுத்து மடிக்கத் தொடங்கினார்.

"என்னையும் அப்பிடித்தான் அம்மா ஏத்தினவை. எனக்கு அப்ப பதினாலு."

"அதை நான் உன்னட்டக் கேக்கேல்லை."

"ஓம்."

"கேட்டதைச் சொல்லு. கடைசியா எங்க கண்டனி?"

அவர் பலமுறை சொன்ன ஒன்றைச் சொல்கிறவர்போலச் சொன்னார். கடைசிச் சண்டையில் மாத்தளன் பக்கம், தண்ணி எடுக்கிற இடத்தில். அண்ணனுக்குக் காயம் ஒன்றும் இல்லை. கையில் ஒரு வெறும் தண்ணிக் கான். அம்மாவைக் கண்டால் சுகமாயிருக்கிறேன் என்று சொல்லுங்கோ அண்ணை என்று சொன்னானாம். பிறகு செல் விழத் தொடங்கிவிட்டது. இவர் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். இவருக்குக் கால் போனது அப்போதுதான்.

"அதுக்குப் பிறகு?"

"அதுக்குப் பிறகு நான் காணேல்லை அம்மா."

"வேற ஆரும் கண்டவையோ?"

"அங்க நிண்ட மற்ற ஆக்கள் ஒருத்தரும் இப்ப இல்லை. நான்தான்."

அவர் படலையைத் திறக்கக் கஷ்டப்பட்டார். பெரியம்மா போய்த் திறந்துவிட்டார். நான் பென்சிலை வைத்துவிட்டேன். உழவு மெசினோடு வந்து நின்றது இவர்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. இவருடைய கொட்டிலில் இருந்து நான் எத்தனை தரம் சில்லுச் சுற்றி விளையாடியிருப்பேன். பெரியம்மாவும் சைக்கிளுக்குக் காற்றடிக்கவென்று இரண்டு நாளைக்கு ஒருதரம் அங்கே போகிறவர். எனக்குப் பெரியம்மா மேல்தான் கோபம் வந்தது.

"நாளைக்கு மச்சானிட்டச் சொல்லுங்கோ பெரியம்மா. நீங்கள் சொல்லாட்டி நான் சொல்லுவன்."

பெரியம்மா என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. பக்கத்தில் இருந்து, என் கணக்குக் கொப்பியை எடுத்து, தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பார்த்தார். "சொன்னால் அவனை ஏத்திக்கொண்டு போவாங்கள்" என்றார்.

"போகட்டும்."

"போனால் நான் ஆரிட்டப் போய்க் கேக்கிறது?"

இது ஒரு பதிலாகவே எனக்குப் படவில்லை. ஆனாலும் நான் மச்சானிடம் சொல்லவில்லை. பயம்தான் காரணம், வேறொன்றுமில்லை. மறுநாள் மத்தியானம் மச்சான் வாகனத்தில் ஏறுவதற்கு முன் பெரியம்மாவிடம் கேட்டான். "தெரியாது மருமோன். இருட்டு. முகம் தெரியேல்லை" என்றார் பெரியம்மா. மச்சான் அவரைக் கட்டிப்பிடித்து அழுதான். தன் கையிலிருந்த சிவப்புப் பட்டியைக் கழற்றி எனக்குக் கட்டிவிட்டான். வீடியோவை எப்படியும் போடுகிறேன் என்றான். போட்டும் இருந்தான். அவன் சொன்னதுபோலவே அவனும் அவனுடைய சிநேகிதர்களும்தான் பார்த்தார்கள். அந்த ஆபிரிக்க முகத்தையும் அந்த வருடம் முடிவதற்குள் எல்லோரும் விட்டுவிட்டு வேறொன்றைப் பிடித்துக்கொண்டார்களாம்.

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பூநகரியில் இறால் பிடித்திருக்கிறேன், நெளுக்குளத்தில் சீமெந்துக் கல் அரிகிற வேலை, இப்போது லொறி. ஓர் இடத்தில் ஆறு மாதம் இருந்தால் கால் அரிக்கும். இப்போது என்னிடமும் போன் இருக்கிறது. சாப்பிட நிறுத்துகிற இடமெல்லாம் யாரோ ஒரு பிள்ளையின் முகம் அதில் வருகிறது, பகிரச் சொல்லி. விரலால் தள்ளிவிட்டுச் சோற்றைப் பிசைகிறேன். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள், அதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

மச்சான் போன அடுத்த நாள் காலமை நடந்ததைத்தான் சொல்ல வந்தேன். பெரியம்மா தன் சைக்கிளுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். பின் சில்லின் வால்வு மூடியைக் கழற்றி, கொண்டையூசியால் அமத்தினார். காற்று சீறிக்கொண்டு போனது. டயர் தரையோடு ஒட்டும் மட்டும் விட்டுவிட்டு, ஊசியைக் கொண்டையில் செருகிக்கொண்டு எழும்பினார்.

"காத்துப் போயிட்டுது. உருட்டிக்கொண்டு வா, கடைக்குப் போவம்."

"நீங்கள்தானே திறந்து விட்டனீங்கள்."

"வாயைப் பொத்திக்கொண்டு உருட்டு."

கொட்டிலில் சைக்கிள்கடைக்காரர் எங்களைக் கண்டதும் ஊன்றுகோலைத் தேடினார். பெரியம்மா பலகை வாங்கில் இருந்தார். பெயரைச் சொல்லிவிட்டாரா இல்லையா என்று அவரும் கேட்கவில்லை, பெரியம்மாவும் சொல்லவில்லை. அவர் சில்லைத் தடவி, ஓட்டை இல்லை என்று கண்டுகொண்டும் பம்பை எடுத்தார். அவர் பாதி அடித்திருப்பார்.

"தண்ணி எடுக்கேக்க அவன் செருப்புப் போட்டிருந்தவனோ?" என்று பெரியம்மா கேட்டார்.

அவர் பம்பை நிறுத்தினார். நிறைய நேரம் யோசித்தார். உண்மையில் நினைத்துப் பார்த்தாரா, அல்லது கேட்டவருக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று தேடினாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

"ஓம் அம்மா. ஒரு செருப்புக்கு வார் அறுந்து, நூலால கட்டியிருந்தவன்."

"எந்தக் கால்?"

"இடக்கால்."

பெரியம்மா தலையாட்டினார். அவர் பொய் சொல்கிறாரா என்று பெரியம்மா பிடித்துப் பார்க்கிறார் என்று நான் நினைத்தேன். இன்றைக்கு இல்லாவிட்டாலும் அடுத்த முறை பிடித்துவிடுவார், பிடித்ததும் கனடாவுக்குப் பெயரைச் சொல்லிவிடுவார் என்று நினைத்து எனக்குக் கோபம் ஆறிவிட்டது. வீட்டுக்கு வரும் வழியில், அடுத்த முறை எப்போது என்று கேட்டேன். "காத்து நிக்குமட்டும் நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, சைக்கிளில் ஏறாமல், அதை உருட்டிக்கொண்டே பெரியம்மா நடந்தார்.