கிளி முத்திரை போட்ட நோட்டீஸ்

எழுபதுகளின் நடுவில் எங்கள் ஊர் இளைஞர் மன்றத்துக்கு நான்தான் செயலாளர். வில்லியனூரிலிருந்து உறுவையாறு போகும் பக்கத்தில், நெல்லும் கரும்பும் போட்டுப் பிழைக்கிற சின்ன ஊர். எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும், படமும் ஓரளவு வரும். அதனால் பதவி கிடைத்தது. தலைவனுக்கு அப்படி எதுவும் தேவைப்படவில்லை. ஊரிலேயே அதிகம் கரும்பு போடுகிறவரின் மகன் அவன். எட்டாம் வகுப்பு வரை என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவன்.

ஆடி மாதம் எங்கள் அம்மனுக்கு, அலகு குத்தி நேர்த்திக்கடன் செலுத்தும் செடல் திருவிழா. கோயில் பஞ்சாயத்தார் வருடா வருடம் மஞ்சள் தாளில் நோட்டீஸ் அடிப்பார்கள். மேலே ஒரு சூலம், அதைச் சுற்றி வேப்பிலை. படிக்கத் தெரியாதவர்கள்கூட அந்தப் படத்தைப் பார்த்ததும் செடல் நோட்டீஸ் என்று சொல்லிவிடுவார்கள். அந்த வருடம் செடல் முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை மன்றத்தின் சார்பில் விளையாட்டு விழா நடத்துவது என்று முடிவு செய்தோம். கபடி, உறியடி, மாட்டுவண்டி ஓட்டம். நல்ல யோசனைதான். எனக்கும் உற்சாகமாகவே இருந்தது.

“மன்றத்துப் பேரப் போட்டா எவன் வருவான்? செடல் விளையாட்டு விழான்னு எழுது. அந்தச் சூலத்தயும் அப்படியே வரஞ்சிடு” என்றான் தலைவன்.

“பஞ்சாயத்தாரைக் கேக்க வாணாமா?” என்றேன்.

“அம்மன் இன்னா அவங்க வூட்டுச் சொத்தா?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அடுத்தது கலர். பாட்டிலில் வரும் இனிப்புச் சோடாவை எங்கள் பக்கம் கலர் என்றுதான் சொல்வோம். வில்லியனூர் கடைத்தெருவில் ஒரு பாய் அதைச் சொந்தமாகத் தயாரித்து விற்றார். பாட்டில் மேல் சின்னக் காகிதம், அதில் சாவியைக் கவ்விக்கொண்டு ஒரு பச்சைக் கிளி. இறந்துபோன அவர் மனைவி வரைந்தது. அதை மெட்ராசுக்கு அனுப்பி முறையாகப் பதிவு செய்து, வந்த பத்திரத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். தண்ணீரைக் காய்ச்சி, வெள்ளைத் துணியில் இரண்டு முறை வடிகட்டாமல் ஒரு பாட்டிலைக்கூட நிரப்ப மாட்டார். கிளிக் கலர் என்றால் பிள்ளைகளுக்குப் பயமில்லாமல் வாங்கிக் கொடுக்கலாம் என்று தாய்மார்கள் சொல்வார்கள்.

அவரிடம் பேச என்னை அனுப்பினார்கள்.

“விழாவுக்கு உங்க கலர்தான் பாய். நோட்டீஸ்ல உங்க கிளியையும் போட்டுடறோம்” என்றேன்.

“எத்தினி பேர் வருவாங்க தம்பி?”

“ஆயிரம் பேராவது வருவாங்க.”

“இருந்தது எல்லாம் செடலுக்குப் போயிடுச்சி. காலி பாட்டிலே இன்னும் திரும்பி வரல. ஞாயித்துக்கிழமைக்குள்ள அவ்ளோ நிரப்ப என்னால முடியாது. என் சரக்கு இல்லாத எடத்துல என் கிளி இருக்கக் கூடாது தம்பி. தப்பா நினைச்சுக்காதீங்க” என்றார். வெயிலில் சைக்கிள் மிதித்து வந்தேன் என்று கையில் ஒரு பாட்டில் கொடுத்து அனுப்பினார்.

திரும்பி வந்து அவர் சொன்னதை அப்படியே சொன்னேன்.

“பறக்கற கிளிக்கு அந்தாளு பட்டா வாங்கி வெச்சிருக்காரா? நீ வரைடா” என்றான் தலைவன்.

வரைந்தேன். அவர் எனக்குக் குடிக்கக் கொடுத்த பாட்டிலைத் தண்ணீரில் ஊற வைத்து, காகிதத்தைக் கிழியாமல் உரித்து, அதன் மேல் மெல்லிய தாளை வைத்து அந்தக் கிளியை நகல் எடுத்தேன். கீழே ‘விழாவில் கிளி மார்க் கலர் கிடைக்கும்’ என்று எழுதினேன். மஞ்சள் தாளில் அச்சாகி வந்தபோது, கீழே இருந்த கிளியைத் தவிர கோயில் நோட்டீசுக்கும் எங்கள் நோட்டீசுக்கும் என் கண்ணுக்கே வித்தியாசம் தெரியவில்லை. அதில் எனக்கு ஒரு பெருமை வேறு. பிரெஞ்சு ஆட்சிக் காலப் பழக்கத்தில் மேரி என்று நாங்கள் சொல்லும் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ் சுவர், பஸ் நிற்கும் இடம், ரைஸ் மில் என்று எல்லா இடத்திலும் ஒட்டினோம்.

ஞாயிற்றுக்கிழமை நினைத்ததை விடக் கூட்டம். கோயில் விழா என்று நம்பி, குளித்து, பூ வைத்து, பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். பந்தலுக்குப் பின்னால் தலைவன் வீட்டு மோட்டார் கொட்டகையிலிருந்து இரண்டு டிரம் வந்து இறங்கியது. டீசல் வைத்திருந்தவை. அலசினோம் என்றார்கள். வாய்க்கால் தண்ணீரை ஊற்றி, சாக்ரினும் சிவப்புச் சாயமும் கரைத்தார்கள். நான் எட்டிப் பார்த்தேன். மேலே எண்ணெய் ஏடு கட்டி மினுமினுத்தது.

“டீசல் வாடை அடிக்குதுபா” என்றேன்.

“இன்னும் கொஞ்சம் எசன்ஸ் ஊத்துனா தெரியாது. நீ போயி மைக்கப் புடி.”

போய் மைக்கைப் பிடித்தேன். பின்னால் டிரம்மிலிருந்து மொண்டு, முன்னால் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார்கள். சுத்தமான கிளி மார்க் கலர் பந்தலில் கிடைக்கிறது என்று என் வாயால்தான் சொன்னேன். ஒரு முறையல்ல, கபடி ஆட்டத்துக்கு ஆட்டம் சொன்னேன்.

உறியடி முடிவதற்குள் பிள்ளைகள் வாந்தி எடுக்க ஆரம்பித்தார்கள். செம்மண் தரையில் சிவப்பாக வாந்தி, அதன் மேல் ஈ. புளித்த வாடையும் டீசல் வாடையும் சேர்ந்து பந்தல் முழுக்க நாறியது. ஓட்டத்துக்காகப் பூட்டியிருந்த வண்டிகளில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வில்லியனூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். நானும் ஒரு வண்டியின் பின்னால் ஓடினேன். நல்லவேளை, எந்தப் பிள்ளைக்கும் உயிருக்கு ஆபத்து இல்லை என்று பொழுது சாய்வதற்குள் தெரிந்துவிட்டது.

அது தெரிந்த பிறகுதான் கோபம் வந்தது. கலர் குடித்துத்தான் இப்படி என்று தகப்பன்மார்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். “பாய் கடை சரக்கு” என்று முதலில் சொன்னவன் எங்கள் தலைவன். என் காதால் கேட்டேன். அவ்வளவுதான், ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டம் அப்படியே கடைத்தெருவுக்குத் திரும்பியது.

பாய் கடை வாசலுக்கு வந்து, “நான் அனுப்பல. அது என் சரக்கு இல்ல” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். யாரோ சுவரிலிருந்த நோட்டீசைக் கிழித்து அவர் முகத்துக்கு நேராக நீட்டி, “அப்ப இது யார் கிளி?” என்றார்கள். அவர் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார். எதிரே தையல் கடை ஓரமாக நின்ற என்னைப் பார்த்தார். கை நீட்டி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. கடைக்குள் பாட்டில்கள் ஒவ்வொன்றாக உடைகிற சத்தம் கேட்டு முடியும் வரை அங்கேயே நின்றேன்.

மறுநாள் காலை போனபோது அவர் கண்ணாடிச் சில்லுகளைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

“நான்தான் வரைஞ்சேன் பாய்.”

“தெரியும். என் வூட்டுக்காரி அவசரத்துல கிளிக்கு ஒரு கால்ல ரெண்டு விரல்தான் போட்டா. நீங்க அதக்கூட விடாம போட்டிருக்கீங்க.”

என்ன செய்யட்டும் என்று கேட்டேன். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தார். “அதே மஞ்சத் தாள்ல, அதே எடத்துல எல்லாம் நடந்தத எழுதி ஒட்டுங்க. வேற ஒண்ணும் வாணாம்.”

எழுதுவதற்கு முன் கோயில் பஞ்சாயத்துத் தலைவரைப் பார்த்தேன். சூலத்தைக் கேட்காமல் போட்டதும் தப்பு என்று ஒப்புக்கொண்டேன். முந்தின நாள் அதற்காக எங்களைக் கிழிக்கிறேன் என்று குதித்தவர் அவர். இப்போது வெற்றிலையை மடித்தபடி, “கோயில் பேருக்கு ஒண்ணும் ஆவல. பழி பாய் மேல போயிடுச்சி. அத இன்னாத்துக்குடா கிளறுற?” என்றார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

கையாலேயே எழுதினேன். கிளியை அனுமதியில்லாமல் போட்டது நாங்கள், கலர் கரைத்தது எங்கள் டிரம்மில், பாய்க்கும் கோயிலுக்கும் இதில் சம்பந்தமில்லை என்று எழுதி என் பெயரைக் கீழே போட்டேன். தனியாகச் சைக்கிளில் போய் ஒட்டினேன். பாதித் தாள்களை அன்று மாலைக்குள் கிழித்துவிட்டார்கள். யார் என்று கேட்க வேண்டியதில்லை. மன்றத்திலிருந்து என்னை நீக்கினார்கள். ஊரைக் காட்டிக் கொடுத்தவன் என்று என் அப்பாவே ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆஸ்பத்திரியில் கிடந்த பிள்ளைகளில் ஒருத்தியின் அம்மா மட்டும் ரைஸ் மில் சுவரில் இருந்ததை யாரையோ படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, நேராகப் பாய் கடைக்குப் போய், “எங்க ஆளும் கல்லெடுத்தாரு, மன்னிச்சிடுங்க” என்று சொல்லிவிட்டு வந்தாள். மற்றவர்கள் போகவில்லை. உண்மை தெரிந்த பிறகும், “எனக்கு அந்தக் கலர் மேல எப்பவுமே ஒரு சந்தேகம்” என்று பேசினார்கள். பத்து வருடம் வாங்கிக் குடித்தவர்கள்.

பாய் மறுபடி கலர் போடவில்லை. அதே கடையில் அரிசியும் பருப்பும் விற்றார். நான் போனால் நலம் விசாரிப்பார், உட்காரச் சொல்வார். அதற்கு மேல் பேச்சு வளராது. அவர் என்னை மன்னித்தாரா என்று கேட்க எனக்குத் துணிச்சல் வந்ததில்லை.

பல வருடம் கழித்து, கிருமாம்பாக்கத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் எங்கள் பழைய தலைவன் எனக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தான். வெள்ளைச் சட்டை, சுற்றிலும் நாலு ஆட்கள். என்னைப் பார்த்ததும் அவர்களிடம், “இவன் வரைஞ்ச கிளி இருக்கே, அசல் தோத்துப் போவும்டா. ஒரு கடையே காலி” என்று சொல்லிச் சிரித்தான். பாயசம் அவன் மோவாயில் வழிந்தது. அவர்களும் சிரித்தார்கள். எங்கள் வரிசைக்கு அப்போதுதான் சாம்பார் ஊற்றியிருந்தார்கள். சோற்றில் கை வைக்காமல் எழுந்து வெளியே வந்து, கடலூர் ரோட்டில் வந்த முதல் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.