அம்மா பாட்டின் ஈற்றுச்சீர்

ஒன்பதாம் வகுப்பில் எனக்கு அலகிடும் பைத்தியம் பிடித்திருந்தது. தமிழ் ஐயா யாப்பு நடத்திய வாரத்திலிருந்து பஸ் போர்டு, கடைப் பெயர், மருந்துச் சீட்டு எதைக் கண்டாலும் நேர், நிரை என்று பிரித்துவிடுவேன். போடியில் என்னை விட்டால் புலவர் இல்லை என்று நினைப்பு.

அந்த மாதம்தான் அப்பா இறந்து ஒரு வருஷம் நிறைந்தது. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பு ஓட்டியவர். போடிமெட்டுக்கு மேலே பனிமூட்டத்தில் வண்டி பள்ளத்தில் இறங்கிவிட்டது. ஸ்டாண்டு டிரைவர்கள் சேர்ந்து அவருக்கு பிளக்ஸ் வைப்பதாகச் சொல்லி, படத்துக்குக் கீழே போட இரண்டு வரி கேட்டார்கள். எட்டாவதோடு நின்ற அம்மா, ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலை முடிந்து வந்து, என் தமிழ் நோட்டின் பின்பக்கத்தில் எழுதினாள்.

ஏலமலை ஏறிப்போய் ஆண்டொன்று தீர்ந்ததையா
வாசலுக்கு வாரும் வெரசா

அலகிட்டுப் பார்த்து அசந்துபோனேன். யாப்பு என்றால் என்னவென்றே தெரியாத அம்மாவுக்குக் குறள் வெண்பா வந்திருந்தது. ஒரு தளைகூடத் தட்டவில்லை. கடைசிச் சீர்தான் உதைத்தது. வெண்பா நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கில் ஒன்றில்தான் முடிய வேண்டும். வெரசா, புளிமா. போதாததற்குப் பேச்சு வழக்கு வேறு.

"விரைந்துன்னு மாத்தும்மா. பிறப்பு வந்துரும்" என்றேன்.

"வேணாம் ஆத்தா. உங்கப்பா வெரசான்னுதான் சொல்லுவாரு. அதுவே இருக்கட்டும்."

"பாக்குறவங்க சிரிப்பாங்கம்மா."

"படிச்ச புள்ள சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று அம்மா நோட்டை என்னிடம் நீட்டினாள். நானே திருத்தினேன். கீழே, வகுப்பில் எழுதுவதுபோல், 'பா: குறள் வெண்பா. மெய்ப்பாடு: அழுகை' என்றும் எழுதினேன். அம்மா அழாததால் இரண்டாவது விடையில் எனக்கே சற்றுச் சந்தேகம் இருந்தது.

பிளக்ஸ் ஜீப்பு ஸ்டாண்டில் ஏறியது. தமிழ் ஐயா வண்டியை நிறுத்திப் படித்துவிட்டு, பிசகில்லாத வெண்பா என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா கடைசிச் சொல்வரை படித்து, அதையே பார்த்தபடி நின்றாள். பிறகு, "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள்.

அப்பா விடியலில் கிளம்பும்போது நான் தூங்கிக்கொண்டிருப்பேன். வாசலில் நின்று அனுப்பியது அம்மா மட்டும்தான். "வெரசா வந்துர்றேன்" என்று தினமும் அவர் சொல்லிப்போனதும், கடைசி நாளும் அதையே சொன்னதும் வெகுகாலம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அவர் சொல்லிவிட்டுப் போன சொல்லை வைத்தே அவரைக் கூப்பிட்டிருக்கிறாள் அம்மா. அந்த ஒரு சொல்லைத்தான் நான் பேனாவால் அடித்தேன்.