பவழமல்லிக்குக் கீழே காய்ந்த பட்டு

குளிர்காலம் நெருங்கினால் மல்லிச்செடி அடங்கிவிடும். தலையில் வைக்க மணமுள்ள ஒரு பூ இருக்காது. அறுபதுகளின் கடைசியில் திருப்புட்குழியிலிருந்து நெசவாளர் குடியிருக்கும் பிள்ளையார்பாளையத்துக்கு வாழ வந்த எனக்கு அது பொறுக்கவில்லை. கிணற்றடியில் நாலு செடிக்குத்தான் இடம். நாலும் குளிர்காலத்துக்கான செடியாகத்தான் இருக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன்.

நிறத்துக்கு மஞ்சள் சாமந்தி, ஊதா டிசம்பர் பூ. வாசனைக்கு மரிக்கொழுந்து. இந்த மூன்றுக்கும் மாமியார் தடை சொல்லவில்லை. நாலாவதாகப் பவழமல்லிக் கன்றைக் கொண்டுவந்தபோதுதான் வெடித்தார். அது மரமாகும், பூவைக் கொட்டும், அதன் காம்பு ஈரப் பட்டில் ஒட்டினால் காவி ஏறிவிடும் என்றார். நிறமும் வாசனையும் சேர்ந்திருப்பது இது ஒன்றுதான் என்று நான் வாயாடினேன். கடைசியில் என் கணவர் குழி தோண்டிக் கொடுத்தார். மாமியார் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அவர் பயம் அவருக்கு. எங்கள் வீட்டுத் தறிக்கு முதலாளி கொடுக்கும் வெளிர் நிறப் பட்டு நூல் கற்றைகளை, அந்தச் சிட்டங்களை, அலசிக் காயவைப்பது அவருடைய வேலை. அவர் கை பட்ட பட்டில் ஒரு பொட்டுக் கறை இருக்காது என்று தெருவே சொல்லும். அந்தப் பெயரில் அவருக்குக் கர்வம் உண்டு.

மூன்றாம் வருஷம் மரம் பூத்தது. மாமியார் அதைத் திட்டிக்கொண்டே விடியற்காலையில் உதிர்ந்த பூவைப் பொறுக்கிச் சாமி படத்துக்கு வைப்பார். எனக்குச் சிரிப்பாக வரும்.

அந்த வருஷக் கார்த்திகை தீபத்தன்று, ஒரு கல்யாணப் புடவைக்கான சந்தன நிறச் சிட்டங்கள் ஈரம் உலராமல் வீட்டுக்குள் மூங்கில் கழியில் தொங்கின. மாமியார் தீபம் பார்க்கக் கோயிலுக்குப் போயிருந்தார். நான் வீடு முழுக்க அகல் ஏற்றினேன். ஏற்றி முடித்த பிறகுதான் எண்ணெய்ப் புகை பட்டில் படியுமே என்று பதறினேன். மூங்கிலோடு தூக்கிப்போய்க் கிணற்றடியில், மரத்தை ஒட்டி மாட்டினேன். பெரிய புத்திசாலி என்று நினைப்பு. வேலை அசதியில் திரும்ப உள்ளே எடுத்து வைக்க மறந்து, மாமியார் வருவதற்கு முன்பே தூங்கிவிட்டேன்.

விடிந்து போய்ப் பார்த்தால் சிட்டங்கள் மேலெல்லாம் பூ. பனியில் நனைந்து ஒட்டிக் கிடந்தது. ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்தேன். எடுத்த இடமெல்லாம் காவிப் பொட்டு. ஒரு சிட்டத்தை நீரில் அலசினேன். பொட்டு போகவில்லை, பரவியது. கல்யாண வீட்டார் அவசரப்படுத்துவதால் முதலாளி பட்டைப் பார்க்க அன்று காலையே வருவதாக இருந்தது. பட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டால் தறி சும்மா நிற்கும். அதைவிட, மாமியார் முகத்தை எப்படிப் பார்ப்பது என்பதுதான் எனக்குப் பெரிய பயம்.

நிமிர்ந்தால் அவரே பின்னால் நின்றிருந்தார். பட்டைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அதற்குள் வாசலில் சைக்கிள் மணி கேட்டது. சிட்டங்களை வாரிக்கொண்டு அவர் முன்னே போனார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"என் தப்புதாங்க. ஊடு பூரா வெளக்கு எரியுது, கரி படியுமேன்னு நான்தான் மரத்தாண்ட மாட்டினேன்" என்றார்.

முதலாளி கோபப்படவில்லை. இதை அரக்குச் சாயத்தில் போட்டுக்கொள்ளலாம், தறிக்கு வேறு பட்டு அனுப்புகிறேன் என்றார். கிளம்பும்போது மட்டும் தணிந்த குரலில், "இனிமே வெளிர் கலரு பட்டு உங்களுக்கு வேணாம்மா. வயசாயிடுச்சி, கண்ணு தெரியல போலக்குது" என்றார். மாமியார் தலையை மட்டும் ஆட்டினார். அப்போதும் நான் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வரவில்லை.

அவமானம் தாங்காமல் கொடுவாளை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினேன். ஒரு கிளையைத்தான் வெட்டியிருப்பேன், மாமியார் வந்து என் கையைப் பிடித்தார்.

"மரம் இன்னா பண்ணுச்சி? மூங்கில தள்ளிக் கட்டு."

அதன் பிறகு எங்கள் வீட்டுக்கு அரக்கும் கரும்பச்சையும்தான் வந்தன. முதலாளி வீடு இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. மாட்டியது நான்தான் என்று ஒரு வார்த்தை போய்ச் சொல்ல, மாமியார் சாகும்வரை எனக்கு நேரம் இருந்தது. நான் போகவில்லை.