இரண்டு நிமிடத்துக்குள் அமுக்கவும்

நம்பாதவர்கள் மைசூருக்கு வாருங்கள். மண்டி மொஹல்லாவில் வீட்டைக் காட்டுகிறேன். மாடிப்படிக்குக் கீழே மூன்று கரென்ட் மீட்டர்கள் இருக்கும். மூன்றாவதை நன்றாகப் பாருங்கள். அதற்குப் பிறகும் சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரியுங்கள்.

தொடங்கி வைத்தது நான்தான். ஒரு ஊக்கால்.

போன ஆகஸ்ட், வியாழக்கிழமை, மாலை 6.41. நான் ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவன். கையில் ஸ்க்ரூடிரைவர் இருப்பதால் என்னை இன்ஜினியர் என்று நம்பும் ஒரே ஆளும் நானே. தங்கை நிம்மி நர்ஸ். வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றின் இன்டர்வியூ அவளுக்கு அன்று 7.30-க்கு, லேப்டாப்பில். இரண்டு வருட உழைப்பு. தவறினால் மறுபடி கிடையாது என்று கடிதத்திலேயே எழுதியிருந்தார்கள்.

"வைஃபை கொஞ்சம் ஸ்லோண்ணா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் எழுந்துவிட்டேன்.

நாங்கள் இருப்பது முதல் மாடி. இன்டர்நெட் கீழே இருக்கும் வீட்டுக்காரர் எலியேசர் அங்கிளுடையது. எங்கள் ஹாலில் ஒரு வெள்ளைப் பெட்டி, கீழிருந்து வரும் சிக்னலை வாங்கி எங்கள் அறைகளுக்குக் கொடுக்கும். அதன் செட்டிங்ஸைத் திறந்தேன். 'மோட்' என்று ஐந்து வட்டங்கள். ரூட்டர், ஆக்சஸ் பாயின்ட், ரிப்பீட்டர், பிரிட்ஜ், கிளையன்ட். புள்ளி ரிப்பீட்டரில் இருந்தது. வாங்கியதைத் திருப்பிச் சொல்கிற கிளிப்பிள்ளை வேலை. எனக்கு அது கௌரவக் குறைவாகப் பட்டது. 'ஆக்சஸ் பாயின்ட்' என்று மாற்றினேன். அதற்குச் சுவரிலிருந்து ஒரு கேபிள் வர வேண்டுமாம். எங்கள் சுவரில் இருந்தது காலண்டர் மட்டும்.

நெட் போனது. செட்டிங்ஸ் பக்கமும் திறக்கவில்லை. பெட்டியின் பின்னால் ஒரு சின்ன ஓட்டை தெரிந்தது. நிம்மியிடம் ஊக்கை வாங்கி அதில் குத்திப் பிடித்தேன். பத்து வினாடி.

பெட்டி எல்லாவற்றையும் மறந்தது. அங்கிளின் பாஸ்வேர்டையும்.

அது எங்களுக்குத் தெரியாது. குடிவந்த அன்று அவரே ஒரு கையால் மறைத்துக்கொண்டு மறு கையால் தட்டியிருந்தார். இன்றைக்கோ குடும்பத்தோடு சாமராஜநகரில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போயிருந்தார். பதினோரு தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை. எங்கள் மொபைலில் ஒரு கோடு சிக்னல், அதுவும் ஜன்னல் கம்பியில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டால். வேறு எங்காவது போகலாமென்றால், பூட்டிய தனி அறை வேண்டும் என்பது இன்டர்வியூ விதி.

நிம்மி திட்டவில்லை. யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டாள். போட்ட இடத்திலேயே மறுபடி போட்டாள். திட்டியிருக்கலாம். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல ஆத்திரம்.

7.09. மறுபடி ரிப்பீட்டருக்கு மாற்றினேன். அக்கம்பக்கத்து சிக்னல்களின் பட்டியல் வந்தது. 'எலியேசர்', இரண்டு கோடு. அதற்கு மேலே இன்னொன்று. 'மேக்ஸ்வெல் மாடி'. முழுக் கோடு.

எங்களுக்கு மேலே ஒரே ஒரு வீடுதான். நாங்கள் வந்த மூன்று மாதமாகப் பூட்டியே கிடந்தது. "மேல யாரு அங்கிள்?" என்று எப்போது கேட்டாலும், "அது கெடக்குது விடுப்பா" என்பார். இதெல்லாம் ஒரு பதிலா?

மேக்ஸ்வெலுக்கும் பாஸ்வேர்ட் கேட்டது. ஆனால் இன்னொரு வழி இருந்தது. பெட்டியின் ஓரத்தில் இரண்டு பட்டன்கள். பெரியது ஆன்-ஆஃப். சின்னது, ஜோடி சேர்க்க. நம் பெட்டியில் சின்னதை அமுக்க வேண்டும். இரண்டு நிமிடத்துக்குள் அந்தப் பக்கத்துப் பெட்டியிலும் யாராவது அமுக்க வேண்டும். பாஸ்வேர்ட் இல்லாமலே இரண்டும் சேர்ந்துகொள்ளும்.

யாராவது அமுக்க வேண்டும். கையால்.

பூட்டிய வீட்டில் யார் அமுக்குவது? இருந்தாலும் கோபத்தில் ஓங்கி அமுக்கினேன். விளக்கு மினுக்க ஆரம்பித்தது.

7.12.

7.13.

"போதும், விட்ருண்ணா" என்றாள் நிம்மி.

தலைக்கு மேலே... டக்.

மினுக்கல் நின்றது. விளக்கு பச்சையாக, அசையாமல் எரிந்தது.

"ஆள் இருக்காங்கடி மேல! மூணு மாசமா ஒளிஞ்சுக்கிட்டு..."

"இருந்தா தேங்க்ஸ் சொல்லு. சண்டைக்குப் போகாத."

7.30-க்கு அவள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்தேன்.

7.38. டக். பச்சை விளக்கு ஒருமுறை துடித்தது.

7.40. டக். மறுபடி துடிப்பு.

7.41... டக்... டக்.

நான் பெட்டியைத் தொடவே இல்லை. எவனோ மேலே உட்கார்ந்து விளையாடுகிறான். லைன் அறுந்தால் என் தங்கையின் வாழ்க்கை. ரத்தம் கொதித்தது. 7.44-க்குப் படியேறினேன்.

கதவில் பூட்டு. என் முஷ்டி அளவு. துரு. பூட்டுக்கும் கதவுக்கும் நடுவே சிலந்தி வலை, கலையாமல்.

உள்ளே... டக்.

மேசை உயரத்தில் இல்லை. தரையில். கதவுக்கு அந்தப் பக்கம், என் கணுக்கால் அருகே.

"சார், கனெக்ட் ஆயிடுச்சு. போதும். அமுக்காதீங்க."

சத்தம் நின்றது.

உள்ளே யார் என்று கன்னடத்திலும் கேட்டேன். "யார்ரீ ஒளகெ?"

டக்.

டக் டக்.

டக்டக்டக்டக்டக்...

குரல் கேட்டுவிட்ட வேகம் அது.

கதவிடுக்கில் இருட்டு. ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை.

ஓடினேன். செருப்பு என்னோடு வரவில்லை.

8.02. நிம்மி கதவைத் திறந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. "வேலைக்கு எடுத்துட்டாங்கண்ணா!"

அதே நொடி, பச்சை விளக்கு அணைந்தது. பட்டியலைத் திறந்து பார்த்தேன். எலியேசர் மட்டும்.

மறுநாள் காலை 7.20. அங்கிளை மீட்டர்களுக்கு முன்னாலேயே பிடித்துவிட்டேன்.

"மேல யாரு அங்கிள்?"

"யாரும் இல்ல ரோனி. எலியா இருக்கும்."

"எலி பட்டன் அமுக்குமா?"

"பழைய பில்டிங்ப்பா. சத்தம் வரும்."

"மேக்ஸ்வெல் யாரு?"

அவர் மூன்றாவது மீட்டரைக் காட்டினார். ஃபியூஸைப் பிடுங்கிச் சணல் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தது. "பாரு, ஏழு மாசமா மேல கரென்டே இல்ல. மேக்ஸ்வெல்னு ஒரு வாத்தியார் இருந்தார். காலி பண்ணிட்டார்."

"எங்க போனார்?"

"போயிட்டார்ப்பா. விடேன்."

"அங்கிள், மூணு மாசமா உங்ககிட்ட ஒரே கேள்விதான் கேக்கறேன்! ஒரு தடவையாச்சும் நேராப் பதில் சொல்ல மாட்டீங்களா?" தெருவில் போன ஆட்டோக்காரரே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

"நான் சொல்றனுங்க தம்பி."

படி கூட்டும் தேவம்மா. கௌதள்ளி கிராமத்துக்காரர். மேலிருந்து இறங்கி வந்தார், ஒரு கையில் துடைப்பம், மறு கையில் என் செருப்பு.

"வாத்தியாரு எங்கயும் காலி பண்ணலீங்க. உள்ளயே செத்துப்போனாரு."

"தேவம்மா!" என்றார் அங்கிள்.

"நீங்க சும்மா இருங்க. கதவ ஒடைச்சதும் மொத உள்ள போனது நானு." செருப்பை என் காலடியில் போட்டார். "கை, காலு, வாயி எல்லாம் ஒரு பக்கம் இழுத்துக்கிச்சாட்ட இருக்குதுங்க. நெட்டுப் பொட்டி வரைக்கும் தவழ்ந்து வந்திருக்காரு. கதவுக்கிட்ட, தரையிலதான் அது இருக்கும். பிளக்கு மேல, கைக்கு எட்டாது."

"பெட்டிக்கு எதுக்கு வந்தார்?"

"அப்ப கீழ ரெண்டு வீட்டுக்கும் அவரு நெட்டுதானுங்க. சும்மாக் குடுத்திருந்தாரு. 'தேவம்மா, இது நின்னாத்தான் இவங்களுக்கு என் நெனப்பு வரும், சண்டை போடவாச்சும் மேல வருவாங்க'ன்னு சொல்லிச் சிரிப்பாரு. அத நிறுத்தத்தான் பாத்திருக்காரு."

அங்கிள் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

செருப்பை மாட்டாமலே கேட்டேன். "எந்த பட்டன்?"

"ஓரத்துல சின்னது. பெருச விட்டுட்டாருங்க. வெரலு அது மேலயே இருந்துச்சு. அமுக்கி அமுக்கி நகம் கறுத்துப்போயி."

"அந்தப் பெட்டி இப்ப உள்ளதான இருக்கு?"

"அன்னைக்கே குப்பை வண்டியில போட்டுட்டனுங்க."

"எத்தன நாள் கெடந்தார்?"

தேவம்மா அங்கிளைப் பார்த்தார். பிறகு என்னை.

"மூணு நாளுங்க தம்பி. நெட்டு நிக்கவே இல்ல. அதான் ஒருத்தரும் மேல வரல."